போர்டைப் பார்த்துட்டு உள்ளே வராமப் போனவங்க: உங்க அனுபவம்?

கும்பகோணம் தையல்:
கடை திறந்து மூணாவது நாள். போர்டு தம்பி டிசைன் பண்ணது. கறுப்பு ஏசிபி ஷீட் (அலுமினியத் தகடு ஒட்டின பலகை), தங்கக் கலர் அக்ரிலிக் எழுத்து, முழுக்க இங்கிலீஷ், பேருக்குப் பின்னாடி ‘பொட்டிக்’. மத்தியானம் ஒரு பாட்டி, கையில மஞ்சப்பை. படிக்குக் கீழேயே செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க, ஏறலை. ஓரம் அடிச்சுட்டு எழுந்திருக்கலாம்னு நான் மெஷின்லயே உட்கார்ந்திருந்தேன். வெளியே போனா போர்டை அண்ணாந்து பார்த்துக்கிட்டே, “ஏம்மா, இங்க சாதா ஜாக்கெட்டு தைப்பியா, பெரிய இடத்துக்காரங்களுக்கு மட்டும்தானா?”ன்னாங்க. லைனிங் இல்லாம நூத்தம்பதுதான் பாட்டின்னேன். சரிம்மான்னு தலையாட்டிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் சொன்ன ரேட்டை அவங்க நம்பலை. எட்டு மாசம் ஆச்சு, இன்னும் மனசுல நிக்குது.

நைட் ஷிப்ட்:
எனக்கு நேர் எதிரா நடந்தது. பொண்ணுக்கு 103 காய்ச்சல், ராத்திரி ரெண்டேகால். தூரத்துல ஒரு மெடிக்கல் ஷாப்போட பச்சை சிலுவை சுத்திச் சுத்தி எரியுது, கீழே ‘24 மணி நேரமும்’னு சிவப்பு எழுத்து ஓடுது. அதைப் பார்த்தே வண்டியை விட்டேன். போனா ஷட்டர்ல பூட்டு. தட்டிப் பார்த்தேன், பக்கத்துத் திண்ணையில படுத்திருந்தவர்தான் எழுந்தார். “அது பத்தரைக்கே சாத்திடுவாங்க தம்பி, லைட்டு மட்டும் எரியும்.” திரும்பி வரும்போதுதான் ஜிஹெச் வாசல்ல ஒத்த ட்யூப்லைட் வெளிச்சத்துல ஒரு மருந்துக்கடை திறந்திருந்ததைக் கவனிச்சேன். போகும்போது அதைத் தாண்டித்தான் போயிருக்கேன். போர்டு மங்கலா இருந்ததால கண்ணுல படவே இல்லை. அக்கா, உங்க போர்டு ஒருத்தரைப் பயமுறுத்தியிருக்கு, பொய் சொல்லலையே.

பொன்மலை வாசி:
பெயின்ட்ல எழுதின தகர போர்டுன்னாலே எனக்கு உள்ளே பழைய சரக்குன்னுதான் தோணும். ஒரு தடவை அப்படி ஒரு கடையில வாங்கின டார்ச் செல் கசிஞ்சு இருந்தது. அன்னையிலிருந்து பளிச்னு ஃப்ளெக்ஸ் இருந்தாதான் ஏறுவேன்.

ஆர்ட்ஸ்காரர் மகன்:
பொன்மலை, செல் கசிஞ்சதுக்கும் போர்டுக்கும் என்ன சம்பந்தம்? உங்க பளிச் ஃப்ளெக்ஸை வெயில்ல விட்டுப் பாருங்க. சிவப்பும் மஞ்சளும் முதல்ல வெளுத்து, சாமி படம்கூட நீலமா நிக்கும். எங்கப்பா தகரத்துல எனாமல்ல எழுதினது முப்பது வருஷம் தாண்டியும் படிக்கலாம்.

அப்பா தொழிலுக்கு வந்தது 1978க்கு முன்னாடி. அந்த வருஷம் அக்டோபர்ல எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து, அதுவரை யானைத் தும்பிக்கை மாதிரி வளைச்சு எழுதின ணை, லை, ளை, னை எல்லாம் மாறினப்போ கையைப் பழக்கிக்கவே நாளாச்சும்பார். நான் ஸ்கூல் படிக்கும்போது ஒரு வெற்றிலை மண்டிக்காரர் போர்டைப் புதுசா எழுதச் சொன்னார். நானும் கூடப் போனேன். அப்பா நூல் அடிச்சு, சாக்பீஸ்ல ‘வெற்றிலை’னு இப்போ எழுதற லை போட்டார். மண்டிக்காரர் தன் தோள்ல இருந்த துண்டை எடுத்து அந்த ஒரு எழுத்தை மட்டும் துடைச்சார். “தும்பிக்கை போடுங்க. என் கொடிக்கால்காரன் படிக்கத் தெரியாதவன். அந்தத் தும்பிக்கையைப் பார்த்துத்தான் மூட்டையை இறக்குவான்.” அப்பா ஒண்ணும் பேசலை, வளைச்சு எழுதினார். போன வருஷம் மண்டிக்காரர் பேரன் ஃப்ளெக்ஸ் அடிச்சப்போ அந்த லை அங்க இருந்த ஃபான்ட்ல இல்லை. விட்டுட்டாங்க. அந்தத் தெருப் பக்கம் போனா எனக்கு வயிறு என்னமோ பண்ணுது.

மளிகை 22 வருஷம்:
என் கதை சின்னது. குளிர்பானக் கம்பெனி இலவசமா போர்டு மாட்டித் தந்தாங்க, பாதிக்கு மேல அவங்க பேரு. ஊர்ல ‘அந்தக் கலர் கடை’ன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. கழட்ட ரெண்டு வருஷம் ஆச்சு.

தங்கச்சி, போர்டு மாத்தறதா இருந்தா கவனிக்க வேண்டியது இருக்கு. தமிழ் முதல்ல, பெரிசா வரணும். அரசு சொல்ற கணக்கு தமிழ் 5 பங்கு, இங்கிலீஷ் 3 பங்கு, வேற மொழி 2 பங்கு. எழுத்து உயரம் பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குலம்னு வெச்சுக்கங்க, நாப்பதடி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தெரியணும்னா நாலு அங்குலம். நம்ம எழுத்துக்குப் புள்ளியும் கொம்பும் இருக்கறதால நான் அஞ்சே போடுவேன். கறுப்புல தங்கம் ராத்திரி லைட்டுக்குத்தான் எடுக்கும், பகல் வெயில்ல கண்ணு கூசும். ஜிஎஸ்டி பதிவு இருந்தா நம்பரை வாசல் போர்டுலயே போடணும், காம்போசிஷன்ல (சின்ன வியாபாரிங்களுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தா அந்த விவரமும் எழுதணும். ஃபோன் நம்பரைக் கடைப் பேரைவிடப் பெரிசா போடாதீங்க. வெல்டிங் ஃப்ரேமுக்கு ரெட் ஆக்ஸைடு அடிக்காம மாட்ட விடாதீங்க, முதல் மழையிலயே துரு வழிஞ்சு எழுத்து மேல கோடு விழும். இன்னொண்ணு, மெடிக்கல் வெச்சிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, வெள்ளையில சிவப்பு சிலுவை போடாதீங்க, 1960ஆம் வருஷத்துச் சட்டப்படி தப்பு.

கும்பகோணம் தையல்:
அண்ணா, குறிச்சுக்கிட்டேன். எனக்கு ஜிஎஸ்டி இல்லை. போர்டை மாத்தலாமான்னு நான் கேட்கவும் இல்லை, போன மாசமே கீழே ‘ஜாக்கெட் தைத்துத் தரப்படும்’னு ஒரு தகரம் எழுதி மாட்டிட்டேன். ஆர்ட்ஸ்காரர் மகன், அது கையால எழுதினதுதான். அன்னையிலிருந்து தினம் நாலு பேராவது படியேறி வர்றாங்க.

அந்தப் பாட்டி வரலை. பிட்டுத் துணிக்குள்ள அளவு ஜாக்கெட்டைச் சுருட்டி வெச்சிருந்தாங்க, பை வாய்ல அதோட கொக்கி தெரிஞ்சது. தைக்கக் குடுக்கணும்னே எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. தாராசுரம் பக்கமா நடந்து போனாங்க, எந்தத் தெருன்னுகூட நான் கேட்கலை.