பொருள்: கவர்னன்ஸ் – ஆளுமையா, ஆளுகையா, நெறியாள்கையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் 'கவர்னன்ஸ்' (governance) என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்ற இந்த இழையை முதல் மடலிலிருந்து இன்னொரு முறை வாசித்துவிட்டு எழுதுகிறேன். என் முன்மொழிவு நெறியாள்கை. உங்கள் மடல்களிலிருந்து சில வரிகளை எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தமிழ்நாடு மின்னாளுமை முகமை என்று அரசே பெயர் வைத்துவிட்டது. கவர்னன்ஸ் என்றால் ஆளுமை என்று முடித்துவிடலாமே, ஐயா?

மின்னாளுமையை நான் தொடவில்லை. அது அரசின் சேவைகளை இணையவழி மக்களுக்குக் கொண்டுசேர்ப்பது. அந்தப் பெயர் பழகிவிட்டது, இருக்கட்டும். நாம் பேசுவது வேறு. ஒரு நிறுவனம் தன் கணினித் திட்டங்களில் எதற்குப் பணம் போடுவது, எதை நிறுத்துவது, பொறுப்பு யாருடையது என்று மேலிடத்தில் தீர்மானிக்கிறதே, அதற்குத்தான் சொல் வேண்டும். அங்கே 'தகவல் தொழில்நுட்ப ஆளுமை' என்று எழுதிப் பாருங்கள். படிப்பவருக்கு ஒரு மனிதர்தான் நினைவுக்கு வருவார். இலக்கிய ஆளுமை, அரசியல் ஆளுமை என்கிறோம், அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொள்வார். உளவியல் நூல்களும் ஆளுமையை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டன.

> ஆளுகை–மேலாண்மை என்று இணையாக வைத்தால் போதாதா?

எனக்கும் பல ஆண்டுகள் இதே எண்ணம்தான். இலங்கை நண்பர்கள் ஆளுகை என்றே எழுதிப் பழகியவர்கள். ஆனால் இந்த இணையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஆள் என்பதே. ஒன்றில் மட்டும் 'மேல்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாகப் படிப்பவர் எது மேலே, எது கீழே என்று நினைப்பார்? மேலாண்மைதான் மேலே என்று நினைப்பார். நடப்பில் இருப்பது இதற்கு நேர்மாறு.

இது வெறும் இலக்கணக் கவலை இல்லை என்பதற்கு நான் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் கணக்குகளைக் கணினிக்கு மாற்றியபோது, அதன் நிர்வாகக் குழுவுக்காக இருபது பக்கத்தில் தமிழ்க் கையேடு ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஆங்கில மூலத்தில் 'கவர்ன்' என்று வந்த இடத்திலெல்லாம் 'குழு மேலாண்மை செய்யும்' என்று போட்டுவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வயதான இயக்குநர் ஒருவர் கையேட்டைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கொண்டுவந்திருந்தார். பதிவு செய்யும் பெண் ஒரு நாளைக்கு எத்தனை நகைக்கடன் ஏற்றுகிறார் என்று கேட்டு, அதற்கு ஒரு நோட்டுப் போட்டு வாராவாரம் காட்டச் சொன்னார். ரசீதில் சங்கத்தின் பெயர் எந்த அளவு எழுத்தில் வரவேண்டும் என்பதில் இன்னும் முக்கால் மணி நேரம் போயிற்று. பழைய பேரேட்டு நிலுவையும் கணினி நிலுவையும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒத்துப்போகாவிட்டால் பழைய முறையை நிறுத்தலாமா, அதை யார் முடிவு செய்வது என்ற பேச்சும் எழவில்லை. அந்தக் கேள்வி அவர்களுடையது. வேறு யாரும் கேட்க முடியாத கேள்வி. மார்ச் கணக்கு முடிக்கும்போது நிலுவைப் பட்டியல் இடித்தது. செயலாளரும் அந்தப் பெண்ணும் பல இரவுகள் பேரேட்டைப் புரட்டினார்கள். அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையேடு சொன்னபடி அவர் நடந்தார், தப்பான சொல்லைப் போட்டவன் நான்.

2022இல் ஒன்றிய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆகவே இந்தச் சொல்லை நாளை வாசிக்கப்போகிறவர்கள் பன்னாட்டு நிறுவனத்து அதிகாரிகள் மட்டும் இல்லை.

சரி, சொல்லுக்குள் என்ன பொருள் இருக்க வேண்டும்? இங்கிலாந்தில் 1992இல் வந்த காட்பரி குழு அறிக்கை, நிறுவனங்கள் எந்த முறைமையால் செலுத்தப்பட்டுக் கட்டுப்படுத்தப்படுகின்றனவோ அதுவே நிறுவன கவர்னன்ஸ் என்றது. அந்தக் கருத்தைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் 2005 தரநிலை. அதிலிருந்து 2008இல் ஐஎஸ்ஓ 38500 என்ற பன்னாட்டுத் தரநிலை பிறந்தது. அந்த 2008 பதிப்பு மேலிடத்துக்கு மூன்றே வேலைகளைக் கொடுத்தது: மதிப்பிடு, திசை காட்டு, கண்காணி. கட்டு, எழுது, ஓட்டு என்ற வினைகள் அங்கே இல்லை. 2012இல் வந்த கோபிட் 5 என்ற கணினித் துறை வழிகாட்டிச் சட்டகம் இன்னும் கறாராகக் கோடு கிழித்தது. மொத்தம் 37 செயல்முறைகளில் 5 மட்டுமே கவர்னன்ஸ், மற்ற 32 மேலாண்மை. இத்தனை தெளிவாக அவர்கள் பிரித்து வைத்ததை நாம் தமிழில் குழப்பிவிடக் கூடாது.

> ஓவர்சைட் என்ற கருத்தும் இதில் அடங்கும். மேற்பார்வை என்றே சொல்லிவிடலாம்.

மேற்பார்வை என்றதும் மில்லில், கட்டட வேலையில் ஆட்கள் பக்கத்தில் நின்று வேலை வாங்குகிறவர்தான் நம் மக்களுக்குத் தெரிவார். மேலிடம் அப்படி நிற்கக் கூடாது என்பதுதானே இங்கே சொல்லவருவது. கனடா நடுவண் அரசின் ஃபீனிக்ஸ் சம்பள முறைமையைப் பாருங்கள். கட்டித்தர 274 மில்லியன் டாலர் ஆகும் என்று ஒப்பந்த நிறுவனம் சொன்னது. ஒப்புதல் இருந்ததோ 155 மில்லியனுக்கு. பொறுப்பில் இருந்த அதிகாரிகள் கூடுதல் பணம் கேட்கவில்லை. சில செயல்பாடுகளை வெட்டினார்கள், சோதனைகளைக் குறைத்தார்கள், முன்னோட்ட ஓட்டத்தையே கைவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் முறைமை ஓடத் தொடங்கியது. அரசு ஊழியர்களில் பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைந்தது, கூடியது, சிலருக்கு வராமலே போனது. 2018இல் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் தந்த அறிக்கை, மேலாண்மை தோற்றது, மேலிருந்து கண்காணிப்பதும் தோற்றது என்று இரண்டையும் தனித்தனியே எடுத்துச் சொல்லி, புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்றது. துறையின் தலைமை அதிகாரிக்கு நிலவரம் தெரிய, வேலையை நடத்தியவர்களின் வாய்ச்சொல்லைத் தவிரத் தனியாக ஒரு வழியும் இருக்கவில்லை. நடத்துகிறவரும் நடப்பதை மதிப்பிடுகிறவரும் ஒருவராகவே ஆகிவிட்டால் இதுதான் நேரும். அவருக்கு மேற்பார்வையாளர் என்று பெயர் வைத்தாலும் இந்தக் குறை தீராது.

நான் நெறியாள்கை என்று முன்மொழிவதற்கான காரணம் நம் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'நெறியாளர்' என்று ஒரு பெயர் இருக்கும். அவர் ஆய்வேட்டை எழுதுவதில்லை. தலைப்பு தாங்குமா என்று பார்ப்பார், இந்தப் பக்கம் போ என்பார், இயல் ஒன்றை வாசித்துவிட்டு இது நிற்காது என்று திருப்பிக் கொடுப்பார். கையெழுத்தும் அவருடையதுதான், அந்தக் கையெழுத்து இல்லாமல் ஏடு வெளியே போகாது. மதிப்பிடு, திசை காட்டு, கண்காணி என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர் என்கிறோமே, அவரும் கட்சி சேர்ந்து வாதாடக் கூடாதவர். ஆக, தானே இறங்கிச் செய்யாமல் சரியான வழியில் போகவைப்பவர் என்ற பொருளை இந்தச் சொல்லுக்கு மக்களே கொடுத்துவிட்டார்கள்.

> கவர்னன்ஸின் கிரேக்க மூலம் கப்பலைச் செலுத்துவது. நம்மிடம் நீகான் இருக்கிறானே! 'நீகாண்மை' எனலாம்.

இந்த மடலை வாசித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அகநானூற்றில் மாடத்து விளக்கொளியைப் பார்த்துத் துறையறிந்து கலத்தைச் செலுத்துகிறவன் நீகான். துடுப்பு வலிப்பது அவன் வேலை இல்லை. பொருத்தம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் அந்தக் கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர் கையேட்டில் 'நீகாண்மை'யைப் பார்த்தால் அடிக்கோடு போடுவார், பொருள் விளங்காது. நெறியாளரை அவருக்குத் தெரியும், அவர் பேத்தி ஆய்வு மாணவி.

கிளைச்சொற்களையும் எழுதிப் பார்த்தேன். நெறியாளும் குழு, நெறியாள்கைச் சட்டகம், நெறியாள்கைப் பொறுப்பு எல்லாம் உறுத்தாமல் வருகின்றன. வினையாக்கும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. 'நெறியாண்டது' என்று யாரும் எழுதமாட்டோம், 'நெறியாள்கை செய்தது' என்றே எழுத வேண்டியிருக்கும். நெறி என்றதும் அறவொழுக்கம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கினார். ஆற்றுப்படுத்தும் வழி என்பதுதான் அதன் முதற்பொருள், ஒழுக்கம் அதிலிருந்து வந்தது. அந்தச் சாயலும் சேர்ந்தே வந்தால் எனக்கு வருத்தமில்லை.

பட்டியலில் புராஜெக்ட் என்பதற்கு 'திட்டம்' என்று போட்டிருப்பதையும் மாற்றக் கேட்கிறேன். பிளான், ஸ்கீம், புராஜெக்ட் மூன்றுக்கும் திட்டம் என்றே வைத்தால் 'புராஜெக்ட் பிளான்' வரும்போது என்ன செய்வது? நானே இந்த மடலில் திட்டம் என்று எழுதித்தான் வந்திருக்கிறேன், கை அப்படிப் பழகிவிட்டது. செயற்றிட்டம் என்று வைத்துக்கொண்டால் தீரும். இலங்கையில் கருத்திட்டம் என்றும் எழுதுகிறார்கள்.

பட்டியலில் இப்படிப் போடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்:

நெறியாள்கை – ஒரு நிறுவனத்தின் உயர்குழு, எந்தச் செயற்றிட்டத்தை ஏற்பது, தொடர்வது, நிறுத்துவது என்று மதிப்பிட்டு, திசை காட்டி, விளைவைக் கண்காணித்துப் பொறுப்பேற்பது. மேலாண்மை – அந்தத் திசையில் வேலையைத் திட்டமிட்டு, ஆளும் பொருளும் ஒதுக்கி நடத்தி முடிப்பது.

என்னிடம் விடை இல்லாத ஒரு கேள்வியும் இருக்கிறது. இலங்கையில் நெறியாள்கை என்றால் நாடகத்தை இயக்குவது. அங்கே இயக்குபவர் ஒத்திகை முழுவதும் கூடவே நின்று, ஒவ்வொரு அசைவையும் சொல்லிக்கொடுப்பவர். நான் தவிர்க்கப் பார்க்கும் பொருளே அதுதான். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் எழுதும் அக்காமார், அண்ணன்மார் சொல்லுங்கள்: வங்கியொன்றின் ஆண்டறிக்கையில் 'தகவல் தொழில்நுட்ப நெறியாள்கைக் குழு' என்று ஒரு வரி வந்தால், உங்களுக்கு முதலில் மேடைதான் நினைவுக்கு வருமா? வரும் என்றால் பட்டியலில் ஆளுகையையும் மாற்றுச் சொல்லாகப் பக்கத்திலேயே போட்டுவிடுவோம்.

அன்புடன்