புதுப் படகு வாங்க வேண்டும்: தென்கடலுக்கு வள்ளமா, ஆழ்கடல் படகா?

குந்துகால் தம்பி:
எங்கள் வீடு பாம்பன் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம். அப்பா, சித்தப்பா, நான், தம்பி நான்கு பேரும் ஒரே வள்ளத்தில் (எஞ்சின் மாட்டிய சிறு நாட்டுப்படகு) தொழில் செய்கிறோம். பிளைவுட் மேல் பைபர் போட்ட பழைய வள்ளம் அது. எஞ்சின் மாட்டும் பின்பலகை ஊறிப்போய், வேகம் கொடுத்தால் ஆடுகிறது. இனிமேல் ஒட்டுப்போட்டுப் பயன் இல்லை என்று படகு கட்டும் ஓடாவி சொல்லிவிட்டார். நண்டு வலை, கணவாய்த் தூண்டில், பருவத்தில் செவுள் வலை, இவைதான் எங்கள் தொழில். வாடை (வடக்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல், கச்சான் (மேல்காற்று) எழுந்ததும் வடகடல் (பாக் நீரிணை).

இப்போது வீட்டில் இரண்டு கட்சி. அப்பாவும் சித்தப்பாவும் 30 அடியில் புதுப் பைபர் வள்ளம் என்கிறார்கள். தம்பி ஆழ்கடல் படகு என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அம்மா நகையை எடுத்து வைத்துவிட்டு, "முதலில் நீங்கள் ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்கிறார். தொழில் தெரிந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

தூத்தூர் கடலோடி:
உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. கரையோரத்தில் இன்னும் எத்தனை பேர் வலை போடுவது? ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் தமிழ்நாட்டுக் கரையில் ஊருக்கு ஊர் படகு பெருகிவிட்டது, மீன் பெருகவில்லை. எங்கள் குமரிப் பக்கத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டுதான் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போனார்கள். இன்று கொச்சித் துறைமுகத்தில் போய் விசாரியுங்கள், எங்கள் ஊர் ஆட்களின் பேர் தெரியும்.

அரசும் அந்தப் பக்கம்தான் கை கொடுக்கிறது. 2020இல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகு ஒன்றுக்கு 1.20 கோடி ரூபாய் மதிப்பு வைத்திருக்கிறார்கள். பொதுப் பிரிவுக்கு 40 விழுக்காடு மானியம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60. அம்மா பெயரில் விண்ணப்பித்தால் 72 லட்சம் மானியம். இப்படி ஒரு வாய்ப்பை விட்டுவிட்டு நண்டு வலை கட்டிக்கொண்டிருப்பதா?

நாகை வலைக்காரன்:
மானியத்தைச் சொன்ன அண்ணன் மீதி 48 லட்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதற்கு வட்டி, ஒவ்வொரு முறை புறப்படும்போதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான், ஆள்களுக்கு முன்பணம். நான்கு பேர் உள்ள குடும்பம் இதை எப்படிச் சுமக்கும்?

இன்னொன்று. ராமநாதபுரம் பக்கத்தில் பலர் 2017இல் வந்த பாக் நீரிணைத் திட்டத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். படகு மதிப்பு 80 லட்சம், மத்திய அரசு 50 விழுக்காடு, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, நம் கை 10. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அது இழுவலை விசைப்படகை ஒப்படைத்துவிட்டு வருபவர்களுக்காக வந்தது. வள்ளக்காரரிடம் ஒப்படைக்க இழுவலைப் படகு ஏது? விசைப்படகு வைத்திருந்த சம்மாட்டிகளே தயங்கித் தயங்கித்தான் அதற்குள் போனார்கள்.

தம்பி, உங்களிடம் இருக்கும் ஆள் பலத்தைப் பாருங்கள். வள்ளத்துக்கு நான்கு பேர் போதும், நால்வரும் ஒரே வீடு. வருமானத்தில் எண்ணெய்ச் செலவு போக மீதி முழுவதும் உங்கள் அடுப்புக்கு வருகிறது. பெரிய படகு என்றால் வெளியாட்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டும், மீன்பாடு இல்லாத மாதத்திலும் அவர்களை விட்டுவிட முடியாது.

தூத்தூர் கடலோடி:
செலவு இல்லாத தொழில் எது? வள்ளக்காரர்கள் வடகடலில் என்ன பாடுபடுகிறீர்கள் என்று எனக்கும் தெரியும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்த பிறகும் விசைப்படகில் சிக்கி உங்கள் வலை அறுந்துகொண்டுதான் இருக்கிறது. கொஞ்சம் விலகினால் இலங்கை எல்லைக்கோடு. வள்ளத்தையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஆளையும் கொண்டு போகிறார்கள். ஆழ்கடலுக்குப் போகிறவனுக்கு அந்தத் தொல்லை குறைவு. உங்கள் தம்பிக்கு வயது இருக்கிறது, இப்போது போகாமல் எப்போது போவது?

ஏலக்கரை அக்கா:
மண்டபத்தில் மீன் எடுத்து விற்கிறேன். படகு ஓட்டுகிறவர்கள் எல்லாம் படகைப் பற்றியே பேசுகிறீர்கள், மீன் கரைக்கு வந்த பிறகு நடப்பதை நான் சொல்கிறேன்.

விடியற்காலையில் தூண்டிலில் பிடித்துக் காலையிலேயே வருகிற கணவாயைப் பாருங்கள். தோலில் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும், சதை கண்ணாடி போல் இருக்கும். நாள் கடந்து, ஐஸ் சரியாகப் படாமல் வந்த கணவாய் இளஞ்சிவப்பாகிவிடும். வியாபாரி விரலால் தொட்டுப் பார்த்து அந்த இடத்திலேயே விலையைக் குறைப்பார். வள்ளத்து மீனுக்கு ஏலத்தில் மதிப்பு இருப்பது அதனால்தான்.

ஆழ்கடலில் கிடைக்கும் சூரை, கேரை மீன்கள் இன்னும் கடினம். பிடித்தவுடன் இரத்தம் வடித்து, செவுளும் குடலும் எடுத்து, மீன் எடைக்கு எடை ஐஸ் போட வேண்டும். சூடேறிய சூரையில் ஊறுகிற நஞ்சு சமைத்தாலும் போகாது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து தடிப்பு வரும். அந்தப் பக்குவம் கைவராதவர்கள் கொண்டுவரும் சூரை கருவாட்டு விலைக்குத்தான் போகும். படகு வாங்கினால் விலை கூடவே வந்துவிடாது.

முன்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கிக் கடன் போதாதபோது வியாபாரி பணம் கொடுப்பார். அதன் பிறகு உங்கள் மீனுக்கு விலை சொல்கிறவர் அவர்தான். எத்தனையோ குடும்பங்கள் சொந்தப் படகிலேயே கூலி ஆட்கள் போல் ஆகிவிட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தம்பி, உங்கள் அம்மா நகையை எடுத்து வைத்திருக்கிறார். அதன் அளவுக்குள் நிற்கும் படகை வாங்குங்கள்.

நாகை வலைக்காரன்:
அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. நான் இன்னொன்று சேர்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். அப்போது நாட்டுப்படகு மீனுக்கு ஏறும் விலையை எண்ணிப் பாருங்கள்.

கடலோடி அண்ணனிடம் ஒரு கேள்வி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லையே? வள்ளக்காரன் மேகம் கறுத்தால் கரை சேர்ந்துவிடுவான்.

தூத்தூர் கடலோடி:
ஒக்கியை இப்படி வாதத்துக்கு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்களில் ஆள் திரும்பி வராத வீடுகள் உண்டு. அந்த வீடுகளிலிருந்தே இன்றும் பிள்ளைகள் ஆழ்கடலுக்குப் போகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த தொழில் அது. கரையோரம் போன வள்ளங்களும் அந்தப் புயலில் தப்பவில்லை. அன்று இல்லாதது எச்சரிக்கை. இன்று இஸ்ரோ தொழில்நுட்பத்தில் செய்த டிரான்ஸ்பாண்டர் கருவி படகுகளில் வந்திருக்கிறது. கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடத்திலும் செய்தி வரும். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மீன் கூடும் இடத்தையும் அலையின் உயரத்தையும் நாள்தோறும் அறிவிக்கிறது. பயத்தைக் காட்டி ஒரு இளைஞனைக் கரையில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

குந்துகால் தம்பி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று உறவினர் ஒருவரின் 30 அடிப் பைபர் வள்ளத்தை இரவல் வாங்கிக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் குந்துகால் துறையிலிருந்து கிளம்பிப் போனோம். ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று அப்பா பிடிவாதம். குருசடைத் தீவின் கடல் தேசியப் பூங்கா எல்லையை விட்டு விலகி வெளியே வந்ததும் எதிரலை வந்தது. எங்கள் பழைய வள்ளம் அந்த அலையில் அணியத்தை (முன்பக்கத்தை) அடித்துத் தண்ணீரை உள்ளே வாரும். இது ஏறி இறங்கியது. வலை இழுக்கும்போது மூன்று பேர் ஒரே பக்கம் நின்றும் அதிகம் சாயவில்லை.

கரைக்கு வந்ததும் அப்பா ஒரு ரூபாய்க் காசை எடுத்து அணியத்திலிருந்து பின்பலகை வரை தட்டிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் கணீர் என்று ஒரே சத்தம். பின்பலகைக்கு ஒரு முழம் முன்னால் மட்டும் பொத்தென்று கேட்டது. அங்கே பைபர் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது, இதைக் கட்டிய பட்டறையில் நம் வள்ளத்தைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு தம்பியிடம், "நீ சொல்கிற படகைக் குந்துகாலில்தான் நிறுத்த முடியும். காற்று மாறினால் வடகடலுக்குப் போகப் பாம்பன் தூக்குப்பாலம் திறக்கிற நாள் பார்த்துக் காத்து நிற்க வேண்டும். நம் வள்ளம் பாலத்துக்குக் கீழே எந்த நேரமும் நுழைந்து வடகடலுக்குப் போய்விடும்" என்றார். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகும் இந்த ஒரு வசதி வள்ளக்காரனுக்கு மாறவில்லை. தம்பி பதில் சொல்லவில்லை, ஆனால் முகம் இறங்கிப் போயிருந்தது. அதுதான் எனக்குக் கவலை.

மண்டபம் மெக்கானிக்:
அப்பா காசு தட்டிய இடத்தில் பாதிப் பாடம் இருக்கிறது. பைபர் வள்ளம் பெரும்பாலும் பின்பலகையில்தான் சாகும். எஞ்சின் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் பிளைவுட்டைத் தின்றுவிடும், வெளியே ஜெல்கோட் பூச்சு பளபளப்பாகவே இருக்கும். ஓட்டை போட்டவுடன் அதன் உள்சுவருக்கு ரெசின் பூசச் சொல்லுங்கள். மேட் (கண்ணாடி இழை விரிப்பு) விரிக்கும் நாளில் பட்டறையில் நீங்கள் நிற்க வேண்டும். எத்தனை அடுக்கு போனது என்பது பெயின்ட் அடித்த பிறகு யாருக்கும் தெரியாது.

எஞ்சின் விஷயத்தில் நான் டீசல் லாங்டெயில் (நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் எஞ்சின்) பக்கம். ஆழம் குறைந்த இடத்தில் தண்டைத் தூக்கிக்கொள்ளலாம், வலை சிக்கினால் கையாலேயே எடுக்கலாம். 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் நாட்டுப்படகுக்கு மானிய டீசலை ஆண்டுக்கு 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராக உயர்த்தி முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகை வலைக்காரன்:
லாங்டெயிலின் இரைச்சலையும் அதிர்வையும் விட்டுவிட்டீர்களே. நாள் முழுக்கக் கைப்பிடியைப் பிடித்தவனுக்கு இரவில் விரல் மரத்துப்போகும். சித்தப்பாவுக்கு வயதாகிறது என்றால் அவுட்போர்டு (பின்பலகையில் மாட்டும் பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்) பற்றி யோசியுங்கள். வேகமும் கிடைக்கும், கணவாய்க்கு விடியுமுன் இடம் பிடிக்க வேகம் வேண்டும்.

மண்டபம் மெக்கானிக்:
வேகத்துக்கு விலை எண்ணெய். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினாலும் குடிப்பது குறையாது. பாம்பனில் நடுராத்திரியில் நின்றுபோனால் லாங்டெயிலுக்கு உதிரிப்பாகம் கிடைக்கும். இதில் நான் மாற மாட்டேன்.

ஏலக்கரை அக்கா:
எந்த எஞ்சின் போட்டாலும் ஐஸ் பெட்டியை மறக்காதீர்கள். வள்ளத்தின் நடுவே இரட்டைச் சுவர் பெட்டி ஒன்றைக் கட்டும்போதே சேர்த்துவிடுங்கள். மத்ஸ்ய சம்பதா திட்டத்திலேயே பழைய நாட்டுப்படகுக்குப் பதில் படகும் வலையும் வாங்க 5 லட்சம் ரூபாய் மதிப்பில் ஒரு பிரிவு இருக்கிறது. மீன்வளத்துறை அலுவலகத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

தூத்தூர் கடலோடி:
வள்ளம் வாங்கத்தான் போகிறீர்கள் என்று தெரிகிறது. என் எண்ணம் மாறவில்லை. பத்து ஆண்டு கழித்து இதே கேள்வி உங்கள் வீட்டில் மறுபடி வரும். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். தம்பியை ஒரு பருவம் எங்கள் ஊர்ப் படகில் அனுப்புங்கள். ஆயிரம் தூண்டில் கட்டிய கயிற்றைச் சிக்கலில்லாமல் விடவும், மீனைப் பக்குவம் செய்யவும் படகில் நின்றால்தான் வரும். பங்கு கொடுப்பார்கள், நான் பேசுகிறேன்.

குந்துகால் தம்பி:
அண்ணன் எழுதியதைத் தம்பியிடம் காட்டினேன். போகிறேன் என்று உடனே சொல்லிவிட்டான். சித்தப்பா சரி என்றார், அப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. அம்மா பெயரில் விண்ணப்பம் கேட்கத் திங்கள்கிழமை அலுவலகம் போகிறோம். வள்ளத்துக்கு வேறு பட்டறை பார்த்துவிட்டோம், லாங்டெயில்தான். கடலோடி அண்ணன், உங்கள் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

மண்டபம் மெக்கானிக்:
ஆர்டர் கொடுப்பதாக இருந்தால் ஐப்பசிக்கு முன்பே மேட் வேலை முடிந்துவிட வேண்டும். மழை ஈரத்தில் போட்ட ரெசின் சரியாக இறுகாது. பட்டறைக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.