மேல்தொட்டிக்கு எந்த சென்சார் சரிப்படும்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு கருவி வைத்திருக்கிறோம். தொட்டிக்குள் மூன்று கம்பிகள் தொங்கும். மேல் கம்பியைத் தண்ணீர் தொட்டால் சிறு மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் நிற்கும். எங்களுடையது உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர். இரண்டே மாதத்தில் கம்பியில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது, அப்புறம் தண்ணீர் தொட்டாலும் கருவிக்குத் தெரிவதில்லை. போன வாரம் இரவு முழுக்க வழிந்தோடியது. இந்தக் கோடையில் அத்தனை தண்ணீர் வீணானது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முழங்கால் வலியோடு அப்பாதான் ஏணி ஏறிச் சுரண்டுகிறார்.

தண்ணீரைத் தொடாத மீயொலி சென்சாருக்கு மாறலாமா? அது மேலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தண்ணீர் மட்டத்தைக் கணக்கிடும். ஒலி 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் போகும், 40 டிகிரியில் சுமார் 355. அதாவது வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒரு மீட்டருக்கு சுமார் 3.5 செ.மீ. பிழை. அது பரவாயில்லை. மூடிக்கு அடியில் கோக்கும் நீர்த்துளிகள் சென்சார் முகத்தில் படிந்தால் என்ன ஆகும் என்பதுதான் பயம்.

இல்லை, சாதாரண மிதவை சுவிட்சே போதுமா? உப்புத் தண்ணீரில் ஒரு வருஷமாவது பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தொட்டி 1000 லிட்டர், பிளாஸ்டிக்.