ஸ்பிட்ஃபயர் எழும்பும்போது ‘புறப்பாட்டு உதவி’ இருக்கலாமா?

குன்னூர் ரயிலடி:
சென்ற ஞாயிறன்று எங்கள் வீட்டில் மூவர் கூடி, டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி விமான சிமுலேட்டரில், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயரை மாறி மாறி ஓட்டினோம். புதிதாக வந்த இருவரும் ‘புறப்பாட்டு உதவி’, ‘தானியங்கி ரட்டர்’ என்ற இரண்டு வசதிகளையும் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். ரட்டர் என்பது மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் சுக்கான்; விமானி அதைக் காலால் மிதித்து இயக்குவார். விமானம் நூல் பிடித்தாற்போல் ஓடி எழும்பியது. அவர்களுடைய கால்கள் மேசைக்கடியில் சும்மா கிடந்தன. இவ்விரண்டையும் முதல் நாளே அணைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் புரொப்பெல்லரை, விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால், வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை இடது சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. சுருண்டு பின்னோக்கிச் செல்லும் காற்று வாலின் இடப்புறத்தைத் தாக்குகிறது. வால் தூக்கும் நொடியில் பம்பரத்தைச் சாய்த்தாற்போன்ற இன்னொரு திருப்பமும் சேர, மூன்றும் ஒன்றாக மூக்கை இடப்பக்கம் இழுக்கின்றன. இந்த இழுப்பைக் காலால் தடுப்பதுதான் இவ்விமானத்தின் முதல் பாடம். அதை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு எதைக் கற்பது?

கேத்தி வள்ளி:
அண்ணா, உங்களிடம் ரட்டர் பெடல் இருக்கிறது. என்னிடம் இருப்பது பிடியை முறுக்கினால் ரட்டர் திரும்பும் சாதாரண ஜாய்ஸ்டிக். வலப்பக்கம் முறுக்கும்போது கை தானாகச் சற்று வலப்பக்கமும் சாய்வதால், நான் கேட்காமலே இறக்கையும் சரிகிறது. உண்மையான விமானிக்கு மூக்கு விலகத் தொடங்கியதும் இடுப்பிலேயே தெரிந்துவிடும். எனக்குத் திரையில் ஓடுபாதையின் ஓரம் நகர்ந்த பிறகுதான் தெரிகிறது. அதுவும் ஸ்பிட்ஃபயரின் நீண்ட மூக்கு முன்பக்கத்தை முழுவதுமாக மறைத்துக்கொண்டிருக்கும்போது! இல்லாத உணர்வுக்கு ஈடாகத்தான் அந்த உதவி இருக்கிறது என்று நான் கொள்கிறேன்.

மேலும், அந்தக் காலத்தில் எவரையும் நேராக ஸ்பிட்ஃபயரில் ஏற்றிவிடவில்லை. டைகர் மாத், ஹார்வர்ட் போன்ற இரட்டை இருக்கை விமானங்களில், கட்டுப்பாட்டில் கை வைத்திருந்த ஆசிரியரோடு பறந்து பழகிய பிறகே ஒற்றை இருக்கைக்கு அனுப்பினார்கள். எனக்கு அந்த ஆசிரியர் எங்கே?

கோத்தகிரி பணிமனை:
முப்பது ஆண்டுகள் எஞ்சின் பிரித்து மாட்டிய கை என்னுடையது. எனவே எஞ்சின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். தானியங்கி என்றாலே போலி என்பது போல் தம்பி எழுதியிருப்பது சரியன்று. ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயரில் ரேடியேட்டர் மடல்கள் வெப்பத்துக்கேற்பத் தாமாகவே திறந்தன. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் இரண்டாம் வேகம் உயரத்தை உணர்ந்து தானே மாறியது. எதிரணியான ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானத்தில், ஒரே நெம்புகோலைத் தள்ளினால் புரொப்பெல்லர் கோணம், எரிபொருள் கலவை, பூஸ்ட் (எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம்) அனைத்தையும் ஒரு கருவி பார்த்துக்கொண்டது. விமானியின் வேலையைக் குறைப்பதற்கு அந்த நாள் பொறியாளர்கள் படாத பாடுபட்டிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பழைய கார்புரேட்டர் ஜீப் உதகைக்கு ஏறும்போது, காற்று மெலிந்து கலவை கொழுத்துப்போய், கரும்புகை தள்ளி, இழுவை குறைவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். ஸ்பிட்ஃபயரின் பூஸ்ட் மானியை எஞ்சினை நிறுத்திய நிலையில் உதகையில் வைத்தால் பூஜ்யம் காட்டாது. கடல் மட்டக் காற்றழுத்தமே அதற்குப் பூஜ்யம் என்பதால், ஏறத்தாழ மைனஸ் மூன்றரை பவுண்டு காட்டும். ஆனால் எஞ்சின் ஓடும்போது சூப்பர்சார்ஜரும் பூஸ்ட் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்து, ஜீப் திணறுகிற அதே உயரத்தில் விமானி கேட்ட பூஸ்டைக் கொடுத்துவிடும்.

குன்னூர் ரயிலடி:
ஐயா சொன்ன விவரங்களை ஏற்கிறேன். ஆனால் அவை என் வாதத்துக்கே துணை நிற்கின்றன. ரேடியேட்டர் மடல் தானே திறந்தது, ஏனெனில் விமானத்திலேயே அதற்கான கருவி இருந்தது. ரட்டரைத் தானே மிதிக்கும் கருவி எந்த ஸ்பிட்ஃபயரிலும் இருந்ததில்லை.

வள்ளியின் சிரமத்துக்கு உதவியைப் போடாமலே வழி இருக்கிறது. புறப்படும் முன் ரட்டர் ட்ரிம்மை (ரட்டரை ஒரு பக்கமாகவே சாய்த்து வைக்கும் அமைப்பை) முழுவதும் வலப்பக்கம் வையுங்கள். அக்கால விமானிகளும் அப்படித்தான் வைத்தார்கள். அடுத்து, எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளாதீர்கள். இதன் மெர்லின் 66 எஞ்சின் பதினெட்டு பவுண்டு பூஸ்ட் வரை கொடுக்கும் என்பதற்காக அத்தனையும் ஓடுபாதையில் வேண்டியதில்லை; சாதாரணப் புறப்பாட்டுக்கு ஏழு முதல் ஒன்பது போதும். மெல்ல ஏற்றினால் இழுப்பும் மெல்ல வரும்.

கேத்தி வள்ளி:
கருவி இருந்ததா இல்லையா என்பதுதான் அளவுகோல் என்றால், ஒரு கேள்வி. மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் அச்சுக்கு, சிமுலேட்டர் அமைப்பில் ‘வளைவு’ வைத்து உணர்திறனைக் குறைத்துத்தான் ஓட்டுவதாகச் சென்ற மாதம் இதே இடத்தில் எழுதினீர்கள். அந்த வளைவு எந்த ஸ்பிட்ஃபயரில் இருந்தது, அண்ணா?

குன்னூர் ரயிலடி:
நல்ல அடி. இருந்தாலும் மறுக்கிறேன். உண்மையான விமானத்தின் கட்டுப்பாட்டுக் கோல் விமானி அறையின் தரையிலிருந்து எழுந்து நிற்கும் நீளமான கோல். நம் மேசை ஜாய்ஸ்டிக்கோ ஒரு சாண். அந்த நீளக் கோலிலேயே, ஏறத்தாழ முக்கால் அங்குலம் இழுத்தால் சீரான பறப்பிலிருந்து ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) வரை போய்விடுகிறது என்று அமெரிக்காவின் விமான ஆராய்ச்சி நிறுவனமான நாக்கா 1940களின் தொடக்கத்தில் ஸ்பிட்ஃபயரைச் சோதித்தபோது கண்டது. அவ்வளவு மென்மையான எலிவேட்டரை ஒரு சாண் கோலில் அப்படியே பொருத்தினால், தும்மினாலும் விமானம் குட்டிக்கரணம் போடும். வளைவு என்பது கோலின் நீளக் குறைவை ஈடுசெய்கிறது. ஓட்டுவது என் கைதான்.

கேத்தி வள்ளி:
உங்களிடம் இல்லாத கோல் நீளத்துக்கு ஈடு செய்யலாம், என்னிடம் இல்லாத பெடலுக்கு ஈடு செய்யக் கூடாது. அப்படித்தானே?

கல்லட்டி 36:
இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். இங்கே நேற்றிலிருந்து மழை, மின்சாரம் வந்து வந்து போகிறது, எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குபவர்கள், பாதி வழியில் சக்கரம் புகைய நின்றுவிடுகிறார்கள். இரண்டாம் கியரில் இறங்கத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்பிட்ஃபயரிலும் பிரேக்தான் பலரைக் கவிழ்க்கிறது என்பதை இருவரும் விட்டுவிட்டீர்கள். அதில் கால்விரல் பிரேக் கிடையாது. கோலின் வளையப் பிடியில் ஒரே நெம்புகோல். அதை அழுத்தியபடி ரட்டரை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கச் சக்கரம் பிடிக்கும். முறுக்கு ஜாய்ஸ்டிக்கில் இதைச் செய்வது பெடலைவிட எளிது என்பது என் அனுபவம். எனவே பெடல் இல்லை என்பதை வள்ளி அவ்வளவு பெரிய குறையாக எண்ண வேண்டியதில்லை.

கோத்தகிரி பணிமனை:
பிரேக்குக்குக் காற்றழுத்தம்தான் ஆதாரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓயாமல் அழுத்திக்கொண்டே தரையில் நகர்ந்தால் புட்டியில் காற்று தீரும். தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் ஃபிளாப்பும் அதே காற்றில்தான் இறங்குகிறது.

கேத்தி வள்ளி:
இன்று மாலை இரண்டு உதவிகளையும் அணைத்துவிட்டு முயன்றேன். ட்ரிம் முழுவதும் வலம், பூஸ்ட் ஏழு. முதல் மூன்று முறை இடப்பக்கப் புல்வெளிக்குப் போனேன். நான்காம் முறை பயத்தில் அதிகமாக முறுக்கி, வலப்பக்கப் புல்வெளிக்குப் போனேன். ஐந்தாம் முறை, பாதை முடியச் சற்று முன்னால், கோணலாக எழும்பிவிட்டேன்.

அண்ணா சொன்ன வழி வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பத்து வயது மகன் உட்காரும்போது தானியங்கி ரட்டரைப் போட்டுத்தான் கொடுப்பேன். முதல் மூன்று முறை புல்வெளிக்குப் போயிருந்தால் அவன் நான்காம் முறைக்கு உட்கார்ந்திருக்க மாட்டான்.

குன்னூர் ரயிலடி:
அவனுக்குப் போடுங்கள்; ஆட்சேபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள், பெடலில் கால் எட்டுகிறதா என்று பார்ப்போம்.