பூவேலை செய்த பெரிய குயில்ட்டில் ஊசி முறிகிறது, துணி பொங்குகிறது: உதவி தேவை

பரந்தன் தையற்காரி:
வணக்கம். பரந்தனில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து தையற்கடை நடத்துகிறோம். கனடாவில் இருக்கும் பெரியம்மா தான் பாவித்த, குயில்ட் தைக்கிற லோங் ஆர்ம் மெசினை 12 அடிச் சட்டத்தோடு அனுப்பிவைத்தார். துணி உருளைகளில் கிடக்க, மெசின் தலைதான் ஓடும். சாதாரணக் குயில்ட் (இரண்டு துணிகளுக்கு நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) நான்கு குறையில்லாமல் முடித்துவிட்டோம்.

இப்போது ஒரு கலியாணத்துக்கு 108 அங்குலச் சதுரத்தில் ஒன்று. ஒன்பது கட்டங்களில் மயிலும் தாமரையும் எம்பிரோய்டரி. முதல் வரிசையிலேயே 3 ஊசி முறிந்தது. அடிப்பக்கத்தில், வளைவுகளில் நூல் இமைமயிர் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. தாமரையைச் சுற்றித் துணி அப்பளம் போலப் பொங்குகிறது. மேல்நூலை இறுக்கினால் அறுகிறது. பிரித்துப் பிரித்துத் துணியில் ஓட்டை தெரியத் தொடங்கிவிட்டது. கலியாணம் ஆவணியில். மனம் பதைக்கிறது.

வவுனியா அக்கா:
தங்கச்சி, முதலில் பிரிக்கிறதை நிறுத்துங்கள். நூலின் இறுக்கத்தை மாற்றும் ரென்சன் திருகையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். கீழிருந்து ஒரு விரலால் குயில்ட்டை மேலே தள்ளுங்கள். மேலிருந்து அந்த விரல்நுனியைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிகிறதா? மேளத்தோல் மாதிரி இறுகியிருந்தால் ஊசி வளையும். வளைந்த ஊசியில், கீழே நூலைப் பிடிக்கிற கொக்கி அதைத் தவறவிடும், ஊசியும் முறியும்.

ஊசி 16 என்றால் 18 போடுங்கள். பூவுக்கு மேலே ஓட்ட வேண்டாம், அங்கே நூல் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. விளிம்பை ஒட்டி ஒரு சுற்று வந்து, வெளியே நெருக்கமாக நிரப்புங்கள். துணியை அழுத்தும் மெசின் பாதம் பூவில் தட்டினால் சற்று உயர்த்துங்கள்.

அப்புறம், ஊசி முறிந்த மெசினில் கொக்கியிலோ ஊசித்துளைத் தட்டிலோ கீறல் விழுந்திருக்கும். பழைய நைலோன் காலுறையால் தடவிப் பாருங்கள், சிக்கினால் நூல் அறுகிற இடம் அதுதான்.

முல்லைத்தீவு:
பொங்குவதற்குக் காரணம் எம்பிரோய்டரி துணியை உள்ளுக்கு இழுத்துவிட்டது. மீதி இரண்டு வரிசைகளையும் உருளையிலிருந்து விரித்து, எம்பிரோய்டரிக்குத் தாங்கலாகப் பூவின் பின்னால் வைத்த தாளில் மிஞ்சியதைக் கிழித்தெடுங்கள். தடித்த துவாயில் பூவைக் கவிழ்த்து நீராவியோடு அழுத்துங்கள், தேய்க்க வேண்டாம். எங்கள் பக்கத்துப் புழுதிக்குப் பொபின் (அடிநூல் சுற்றிய உருளை) மாற்றும்போதெல்லாம் கொக்கியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் நல்லது.

அடித்துணி எவ்வளவு வெட்டினீர்கள்? நாலு பக்கமும் 4 அங்குலம் கூட இருக்க வேண்டும்.

பரந்தன் தையற்காரி:
அடித்துணி 116 அங்குலம், அது சரி. ஊசி 16தான். விரல் பிடிபடவேயில்லை, உருளையை இரண்டு பல் தளர்த்தினேன். தட்டில் துளையின் இடது ஓரத்தில் காலுறை சிக்கியது! மெல்லிய எமரித் தாளால் தேய்த்தேன். நேற்று இரண்டாவது வரிசை முடிந்தது, ஓர் ஊசியும் முறியவில்லை. தாமரை படிந்து கிடக்கிறது. அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். மயிலின் கழுத்து வளைவில் மட்டும் இன்னும் இரண்டு மூன்று நூல் நீட்டுகிறது.

வவுனியா அக்கா:
அந்த வளைவில் கை வேகமாகத் திரும்புகிறது. அவ்விடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். அப்படியும் வந்தால் மேல்நூலைக் கால் சுற்று இறுக்கி, ஓரத்து மிச்சத் துணியில் தைத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது வரிசையைத் தொடங்குங்கள்.