99 ரூபாய்க்கு எடுத்த டாட் காம் பேரு, புதுப்பிக்க 2,475 கேக்குது. 22 நாள்ல வேற கம்பெனிக்கு மாத்த முடியுமா?

சந்தூர்_ஒட்டுக்கன்று:
வணக்கம். போச்சம்பள்ளி பக்கம் சந்தூர்ல மா ஒட்டுக்கன்று நர்சரி வெச்சிருக்கோம். போன வருஷம் கிருஷ்ணகிரியில ஒரு டிசைனர் தம்பி மூலமா டாட் காம் பேரு எடுத்தோம், 99 ரூபாய். இப்ப புதுப்பிக்கச் சொல்லி பில் வந்திருக்கு, கெடு முடிய 22 நாள்தான் இருக்கு. டொமைன், அதாவது அந்தப் பேருக்கு 1,499, பிரைவசி, அதாவது நம்ம விவரம் வெளியில தெரியாம மறைக்கறதுக்கு 599, அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 2,475. பிரைவசி நான் கேட்டதே இல்ல.

வேற கம்பெனிக்கு மாத்தலாம்னு போனா, "டொமைன் பூட்டியிருக்கு, கோடு வேணும்"னு வருது. கோடு போற மெயில் தம்பியோடது. முதல்ல அந்த மெயிலை எடுத்துட்டு என் மெயிலைப் போட்டுட்டா சரியாயிடுமா? ஆடி வரைக்கும் கன்னு வாங்க வர்ற நேரம், சைட்டு நின்னா பெரிய நஷ்டம்.

ஓசூர்_சர்வர்:
அண்ணா, மெயிலை இப்ப மாத்தாதீங்க! உரிமையாளர் பேரோ மெயிலோ மாறினா, இக்கான்னு இணையப் பேருகளை ஒழுங்குபடுத்தற உலக அமைப்போட விதிப்படி 60 நாளைக்கு வேற கம்பெனிக்கு மாத்த விடாம பூட்டு விழும். அந்தப் பூட்டு வேண்டாம்னு முன்னாடியே சொல்ல சில கம்பெனி வழி வெச்சிருக்கும், எல்லாரும் வெச்சிருக்க மாட்டாங்க. உங்களுக்கு இருக்கறது 22 நாள். மாட்டிக்கிட்டா அந்த 2,475ஐக் கட்டித்தான் ஆகணும்.

தம்பியைப் பக்கத்துல உட்கார வெச்சு இன்னிக்கே பண்ணுங்க. பழைய கம்பெனி அக்கவுண்ட்ல 'டிரான்ஸ்ஃபர் லாக்'னு இருக்கும், அதை எடுத்துவிட்டு 'ஆத் கோடு' கேளுங்க. இபிபி கோடுன்னும் சொல்லுவாங்க. கேட்ட 5 நாளுக்குள்ள குடுத்தே ஆகணும். அதைப் புது கம்பெனியில போட்டுப் பணம் கட்டினா, பழைய கம்பெனி வாயே திறக்காம இருந்தாலும் 5 நாள்ல மாறிடும். கட்டுற பணம் வீணாகாது, இருக்கற கெடுவோட ஒரு வருஷம் கூடும். மெயிலை அதுக்கப்புறம் புது இடத்துல மாத்திக்கலாம்.

முக்கியமா ஒண்ணு. உங்க நேம்சர்வர், அதாவது உங்க பேரைத் தேடி வர்றவங்களுக்கு சைட்டு எங்க இருக்குன்னு வழி காட்டற கம்ப்யூட்டர், பழைய கம்பெனியோடதா பாருங்க. ஆமான்னா, மாறின நாள்லயே சைட்டும் மெயிலும் நிக்கலாம். அந்த வழி எல்லாம் எழுதியிருக்கற டிஎன்எஸ் பக்கத்துல இருக்கற ஒவ்வொரு வரியையும் போட்டோ எடுத்து, முன்கூட்டியே வேற இடத்துல ஏத்தி வெச்சுட்டு அப்புறம் மாத்துங்க.

பாலக்கோடு_தக்காளி:
அண்ணே, எதுக்கு இவ்ளோ பாடு? எங்க மண்டி வியாபாரம் முழுக்க வாட்ஸ்அப்லதான் ஓடுது. கூகுள் மேப்ல கடை பேரு போட்டா இலவசம். இல்லன்னா டாட் இன் எடுத்துக்கோங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கு.

சந்தூர்_ஒட்டுக்கன்று:
தம்பி, தக்காளி அன்னன்னைக்கு வித்துத் தீர்றது. கன்னு அப்படியில்ல. ஒவ்வொரு கன்னுலயும் ஒட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் சீட்டு கட்டுவோம். ஒரு பக்கம் ரகம், செந்தூரா, பெங்களூரா, இமாம்பசந்துன்னு. மறுபக்கம் இந்த டாட் காம் முகவரி. போன சீசன்ல அப்படி 8,000 கன்னு போயிடுச்சு, பாதி ஆந்திரா பக்கம். மூணு வருஷம் கழிச்சுக் காய்க்கும்போதுதான் அவங்க அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்ப்பாங்க. அன்னிக்கு அந்தப் பேருல வேற யாரோ இருந்தா எங்கப்பா சேர்த்த நம்பிக்கை போச்சு. டாட் இன் புதுசா எடுக்கலாம், ஆனா கட்டின சீட்டை எப்படி மாத்தறது?

தர்மபுரி_வணிகவியல்:
சார், நீங்க சொன்ன அந்தச் சீட்டுதான் இந்தத் தொழிலோட மொத்தக் கணக்கும். பேரை எழுதறதுக்கு முந்தின நாள் வரைக்கும் உங்களுக்கு நூறு கடை. எழுதி 8,000 கன்னுல கட்டினப்புறம் அந்தப் பேரு ஒண்ணுதான். அதனாலதான் முதல் வருஷத்துக்கு அடக்கத்துக்குக் கீழே 99க்குக் குடுத்து இழுக்கறாங்க, நஷ்டத்தை அடுத்த வருஷம் வசூல் பண்ணிக்கலாம்னு.

அடக்கம் எவ்வளவுன்னு தெரிஞ்சா பேரம் தெளிவாகும். டாட் காம் மொத்தத்தையும் வெரிசைன்ங்கற ஒரே கம்பெனிதான் நடத்துது. நமக்கு விக்கற கடைக்காரங்க எல்லாருக்கும் ஒரே மொத்த விலை. 2012ல இருந்து 7.85 டாலர்ல நின்னது. 2018ல அமெரிக்க அரசு ஒப்பந்தத்தைத் திருத்தி, ஒவ்வொரு ஆறு வருஷத்துலயும் கடைசி நாலு வருஷம் ஆண்டுக்கு 7 சதவீதம் ஏத்தலாம்னு விட்டது. 2021ல இருந்து நாலு தடவையும் ஏத்தி, 2024 செப்டம்பர்ல 10.26 ஆச்சு. அதோட இக்கானுக்குக் கட்டணம் சுமார் 20 சென்ட். டாலர் 85 ரூபாய்னா 890 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 1,050. இதுக்கு மேல கேக்கறதெல்லாம் கடைக்காரர் லாபமும் செலவும்.

1999க்கு முன்னாடி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ்னு ஒரே கடைதான். அதை உடைச்சுப் பல கடை வரவும் கடைகளுக்குள்ள விலைப்போட்டி வந்தது. மேல இருக்கற மொத்த வியாபாரத்துக்கு மட்டும் போட்டி வரவே இல்ல. அந்த ஒப்பந்தம் ஏலத்துக்கு விடாம திரும்பத் திரும்ப அவங்களுக்கே புதுப்பிக்கப்படுது. என்னைக் கேட்டா அது நியாயமில்ல. 2012ல டாட் காம் மாதிரி பேரோட கடைசியில வர்ற புது விகுதிகளுக்கு விண்ணப்பம் வாங்கி ஆயிரத்துக்கு மேல வந்தது, ஆனா அதுல பெரும்பாலானதுக்கு விலை உச்சவரம்பே கிடையாது. எடுக்கும்போது மலிவா இருக்குன்னு போயிடாதீங்க, புதுப்பிப்பு விலையைப் பார்த்துட்டுப் போங்க.

அடக்க விலைக்கே குடுக்கற இடமும் உண்டு, கிளவுட்ஃப்ளேர்ங்கற கம்பெனி 2018ல பேரு விக்க ஆரம்பிச்சது அப்படித்தான். ஆனா அவங்க நேம்சர்வரையே வெச்சுக்கணும். விக்கறவனுக்கு நாம பயப்பட வேண்டியதில்ல சார், கெடு முடியறதுக்கு முன்னாடி நகர்ற வரைக்கும் பலம் நம்ம பக்கம்தான்.

காரிமங்கலம்_சிறுதானியம்:
அண்ணா, நாள் கடத்தாதீங்க. எங்க ராகி மாவு பேரு போனது அப்படித்தான். தானா புதுப்பிக்கும்னு டிக் போட்டிருந்தேன், கார்டு பணம் எடுக்கல. நினைவூட்டல் மெயில் எல்லாம் நான் பாக்காத ஒரு மெயிலுக்குப் போயிருக்கு. கெடு முடிஞ்சு அவங்க விட்டது 40 நாள். அதுக்கப்புறம் மீட்புக் காலம்னு 30 நாள், அந்த 30 நாள்ல புதுப்பிப்புக் கட்டணத்துக்கு மேல மீட்புக்குன்னு தனியா 8,000 கேட்டாங்க. என்கிட்ட அப்ப இல்ல. பிறகு 5 நாள்ல பேரு விடுபட்டது, விடுபட்ட அன்னிக்கே யாரோ எடுத்துட்டாங்க. பாக்கெட் கவர் 3,000 அச்சடிச்சு வீட்டுல கிடக்குது.

சந்தூர்_ஒட்டுக்கன்று:
அக்கா, படிச்சதும் ராத்திரியே தம்பிக்குப் போன் போட்டேன். காலையில பைக்குல வந்துட்டான், பாவம், அவனுக்கும் இந்த 60 நாள் விஷயம் தெரியல. பூட்டை எடுத்தோம், கோடு பத்து நிமிஷத்துல வந்தது. டிஎன்எஸ் வரி பதினொண்ணு இருந்தது, ஒவ்வொண்ணா அவன் படிக்க நான் நோட்டுல எழுதினேன். அதை ஏத்தினப்புறம்தான் பணம் கட்டினோம். வரியோட 1,096. பிரைவசிக்குத் தனிக் காசு இல்ல.

அஞ்சாம் நாள் காலையில மாறிடுச்சு. சைட்டு ஒரு நிமிஷம்கூட நிக்கல. கெடு அடுத்த வருஷத்துத் தேதி காட்டுது.

ஓசூர்_சர்வர்:
நல்லது அண்ணா. இப்ப மெயிலையும் உரிமையாளர் பேரையும் உங்க பேருக்கு மாத்திடுங்க. வெரிசைன் மொத்த விலையை ஏத்தறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அறிவிப்பு வரும், அந்தச் செய்தியைப் பார்த்தா பழைய விலையிலேயே மொத்தம் 10 வருஷம் வரைக்கும் கட்டி வெச்சுக்கலாம். ஒப்பந்தப்படி 2026 கடைசியில இருந்து மறுபடி ஏத்த அவங்களுக்கு வழியிருக்கு.

சந்தூர்_ஒட்டுக்கன்று:
சரி தம்பி. மாங்காய்ப் பணம் வந்ததும் நாலு வருஷத்துக்காவது கட்டிடறேன், போன சீசன் கன்னு காய்க்கற வரைக்கும். பேரை அப்பா பேருலயே போடறேன்.