கம்பு சேர்த்த சத்துமாவு 10 நாளில் கசந்துபோகிறது

தக்கலை பக்கம் இருக்கிறோம். இரண்டு வயது மகளின் காலைச் சாப்பாட்டுக்கு வீட்டிலேயே சத்துமாவு செய்கிறேன். கேழ்வரகு 1 கிலோ, கம்பு அரை கிலோ, பாசிப்பயறு கால் கிலோ, மூன்றும் முளைகட்டியது. அதோடு நேந்திரங்காய் வற்றல் கால் கிலோ, ஏலக்காய் கொஞ்சம்.

பிரச்சினை இதுதான்: 10, 12 நாளில் மாவு கசக்கிறது. வண்டு இல்லை, பூஞ்சை இல்லை, நிறமும் அப்படியே. ஆனால் டப்பாவைத் திறந்தால் பழைய தேங்காய் எண்ணெயில் வருமே, அந்தச் சிக்கு வாடை. கூழ் காய்ச்சிக் குடித்தால் முதலில் தெரியாது, விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் கசப்பு நிற்கிறது. மகள் இரண்டாவது கரண்டிக்கே வாயை மூடிக்கொள்கிறாள். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

ஜூனில் முதல் தடவை செய்தேன். நல்ல மழை, மொட்டைமாடியில் காயவைக்க வழியில்லை, அதனால் இரண்டு நாள் மின்விசிறிக்கு அடியில் உலர்த்தி வறுத்தேன். மில்லில்தான் ஏதோ கலந்துவிட்டது என்று அடுத்த தடவை மிக்சியிலேயே அரைத்தேன், அதுவும் கசந்தது. அப்புறம் கம்பை விட்டுவிட்டுச் செய்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது! சரி என்று கம்பை மட்டும் தனியாக முளைகட்டி அரைத்து எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன், 11ஆம் நாளே கசப்பு. ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

கேழ்வரகைவிடக் கம்பில் கொழுப்பு கூடுதல், மாவானதும் சீக்கிரம் கெடும் என்பது தெரியும். இருந்தாலும் கம்பை விட மனமில்லை.

முளைகட்டிய கம்பை அரைப்பதற்கு முன் என்ன செய்தால், இந்த மழைக்காலத்திலும் மாவு ஒரு மாதம் கசக்காமல் இருக்கும்?